நிலப்படத்தில் மேவும் உருவங்களும் தொடரும் உருவங்களும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் புலங்களையும் ஏரிகளையும் கொண்டு ஒரு பாடம்

ஒரு கிராமத்தின் நிலப்படத்திற்கு அடிப்படையான விதிகள் இரண்டு. எந்த இரு புலங்களும் ஒன்றன்மீது ஒன்று ஏறி நிற்கலாகாது; புலங்களுக்கிடையில் எந்தப் புல எண்ணிலும் சேராத துண்டு எஞ்சி நிற்றலும் ஆகாது. முதல் விதி மீறப்பட்ட இடத்தில் ஒரே வரப்புக்கு இரண்டு பட்டாக்கள் பிறக்கின்றன. இரண்டாவது விதி மீறப்பட்ட இடத்திலோ, தலைமுறையாக உழுது வரும் நிலத்திற்குப் பட்டாவே இல்லாமற் போகிறது. அண்டை வீட்டார் இருவர் நீதிமன்றப் படி ஏறுவதற்கு ஒரு முழ அகலமுள்ள துண்டு போதுமென்பதைக் களப்பணியாளர்கள் எவரும் அறிவர்.

சித்தூர்ப் பகுதியில் இவ்விதிகளைக் காப்பது பிற இடங்களைக் காட்டிலும் கடினமானது. 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று, வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளை ஒன்று சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. புங்கனூர், கார்வேட்டிநகரம், காளத்தி முதலிய ஜமீன் கிராமங்களும் ரயத்துவாரி கிராமங்களும் அதில் விரவிக் கிடந்தன. 1948-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஜமீன் முறை நீக்கப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கும், சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரப் பிரதேசத்திற்கும் மாறின. 2022 ஏப்ரல் 4 அன்று, சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இங்ஙனம் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அளவுகோலில், வெவ்வேறு கையால் வரையப்பட்ட படங்கள் ஒன்றோடொன்று ஒட்டும் இடங்களிலேதான் பிழை மிகுதியும் தங்குகிறது.

2020 டிசம்பர் 21 அன்று ஆந்திரப் பிரதேசத்தில் நிலங்களை மறுபடியும் அளக்கும் திட்டம் தொடங்கிற்று. ஆளில்லா விமானத்திலிருந்து எடுத்த படங்களும், செயற்கைக்கோள் வழியே நிலையறியும் கருவிகளும் அதில் கையாளப்பட்டன. சங்கிலி பிடித்து, ஜி கோடு போட்டு, வளைவுக்கு வளைவு ஆப்செட் எடுத்து எழுதிய பழைய புலப்படங்களுக்குப் பதிலாக, ஒவ்வொரு வரப்பு முனைக்கும் கிழக்கு, வடக்குத் தொலைவுகள் எண்களாகவே கிடைக்கத் தொடங்கின. எண்கள் கிடைத்துவிட்டபின், படத்தைக் கண்ணால் பார்த்துப் பிழை தேட வேண்டியதில்லை. கணிப்பொறிக்கு ஒரு கட்டளைத் தொடர் எழுதிக் கொடுத்தால் அது தேடும். ஆனால் எதைத் தேடவேண்டுமென்று வரையறுத்துச் சொல்லும் பொறுப்பு மனிதனுடையதே. அந்த வரையறையே இப்பாடத்தின் பொருளாகும்.

மூன்று உறவுகள்

இரண்டு உருவங்கள் விலகி நிற்கலாம், ஒன்றையொன்று தொடலாம், அல்லது ஒன்றன் பரப்பில் ஒரு பகுதி மற்றொன்றன் பரப்பின்மேலும் ஏறி நிற்கலாம். இம்மூன்றாவதை மேவுதல் என்று இங்கே வழங்குவோம். எல்லைக்கோடு மட்டும் பொதுவாயிருப்பின் அது தொடுதல். பரப்பும் பொதுவாயிருப்பின் அது மேவுதல். நல்ல நிலப்படத்தில் ஒவ்வொரு புலமும் தன் அண்டைப் புலங்களைத் தொட்டே தீரும்; எதையும் மேவாது. ஆகவே தொடுதலையும் மேவுதலையும் பிரித்தறியாத கட்டளைத் தொடர் கிராமத்திலுள்ள எல்லாப் புலங்களையும் பிழையென்று காட்டிவிடும். அதைக் கண்டு சலித்த பணியாளர் அறிக்கையை மூடி வைப்பார். உண்மையான பிழையும் அதனுள்ளேயே மூடப்பட்டுவிடும்.

பலர் நம்பும் ஒரு சோதனையை முதலில் நீக்கிவிடுதல் நலம். எல்லாப் புலங்களின் பரப்பையும் கூட்டி, அது கிராமத்தின் பரப்புக்குச் சமமாயிருந்தால் படம் சரியென்று கருதுவது வழக்கம். இது போதாது. 100 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் உள்ள ஒரு நிலத்தை மூன்று புலங்களாகக் கொள்க. முதற்புலம் மேற்கோரத்திலிருந்து 0 முதல் 41 மீட்டர் வரையும், இரண்டாவது 40 முதல் 69 வரையும், மூன்றாவது 70 முதல் 100 வரையும் உள்ளன. பரப்புகள் முறையே 2460, 1740, 1800 சதுர மீட்டர். கூட்டினால் 6000. நிலத்தின் பரப்பும் 6000. கணக்கு நேர்த்தியாகப் பொருந்துகிறது. ஆயினும் முதலிரண்டு புலங்களுக்கிடையே 60 சதுர மீட்டர் மேவுதலும், பின்னிரண்டுக்கிடையே 60 சதுர மீட்டர் இடைவெளியும் உள்ளன. நடுப்புலத்துக்காரரின் கற்கள் இரண்டும் ஒரு மீட்டர் மேற்கே நகர்ந்திருக்கின்றன, அவ்வளவே. ஒன்றரை சென்ட் நிலம் ஒருபுறம் இரண்டு பேருக்கு உரியதாகவும், மறுபுறம் எவருக்கும் உரியதன்றாகவும் நிற்கிறது. அடங்கலிலோ ஒரு சென்ட் வித்தியாசமும் தெரியாது.

சரியான சோதனைக்கு மூன்று எண்கள் வேண்டும்: பரப்புகளின் கூட்டுத்தொகை, எல்லாப் புலங்களையும் ஒன்றாக இணைத்து வரும் உருவத்தின் பரப்பு, கிராம எல்லையின் பரப்பு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இணைந்த உருவத்தின் பரப்பு 5940. கூட்டுத்தொகையிலிருந்து இதைக் கழித்தால் மேவுதல். கிராமப் பரப்பிலிருந்து கழித்தால் இடைவெளி. இரண்டும் 60 என்று தனித்தனியே வெளிப்படும். (மூன்று புலங்கள் ஓரிடத்திலேயே மேவினால் அவ்விடம் இருமுறை எண்ணப்படும் என்பதை நினைவிற் கொள்க.) எவ்வளவு என்பது இதனால் தெரியும், எங்கே என்பது தெரியாது. அதற்கு இரண்டிரண்டு புலங்களாக எடுத்துப் பார்த்தாகவேண்டும்.

இணைகளைக் குறைத்தல்

600 புலங்கள் உள்ள ஒரு கிராமத்தில் இரண்டிரண்டாக எடுக்கத்தக்க இணைகள் 1,79,700. ஒரு மூலையில் உள்ள புலத்தை எதிர்மூலையில் உள்ளதோடு ஒப்பிடுவது வீண் வேலை. ஆதலின் ஒவ்வொரு புலத்தையும் சுற்றி, கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் பக்கங்கள் அமையும்படி, மிகச் சிறிய செவ்வகம் ஒன்று வரைந்துகொள்ளப்படும். ஒன்றன் கிழக்கோரம் மற்றதன் மேற்கோரத்திற்கும் மேற்கே இருந்தால் அவ்விரு புலங்களும் மேவ இயலாது. வடக்கு, தெற்கு ஓரங்களுக்கும் இவ்வாறே. நான்கு எண்களை ஒப்பிடுவதோடு வேலை முடிகிறது. செவ்வகங்கள் மேவினால் மட்டுமே புலங்களை நுணுகி ஆராயவேண்டும். செவ்வகங்கள் மேவுவதால் புலங்களும் மேவுகின்றன என்று முடிவு கட்டிவிடலாகாது; கோணலான இரு புலங்கள் தொடாமலே நிற்க, அவற்றின் செவ்வகங்கள் மேவுதல் இயல்பு.

இன்னும் குறைக்கலாம். செவ்வகங்களை மேற்கோரத்தின் வரிசையில் அடுக்கி, வடக்கு தெற்காக நிற்கும் ஒரு கோட்டை மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்த்துவதாக எண்ணுக. கோடு ஒரு செவ்வகத்தின் மேற்கோரத்தைத் தொட்டதும் அதைப் பட்டியலில் சேர்; கிழக்கோரத்தைக் கடந்ததும் நீக்கு. புதிதாகச் சேருவதைப் பட்டியலில் அந்நேரம் உள்ளவற்றோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். கோடுகள் வெட்டும் புள்ளிகளைக் காண இம்முறையைப் பென்ட்லி, ஓட்மன் என்னும் இருவர் 1979-இல் விரித்துக் காட்டினர். அறுவடைக்கு வயலில் வரிசையாக இறங்குபவர்கள் முன்னும் பின்னும் ஓடாமல் ஒரே முகமாய் அறுத்துச் செல்வதைப் போன்றது இது.

வெட்டும் கோடுகள்

இரண்டு வரப்புக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றனவா என்பதைப் படம் வரையாமலே எண்களால் அறியலாம். ஒரு கோட்டின்மேல் தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கி நடப்பவனுக்கு ஒரு புள்ளி இடப்புறம் உள்ளதா, வலப்புறம் உள்ளதா என்பதே கேள்வி. முதற்கோடு (0, 0) என்னும் முனையிலிருந்து (40, 30) வரை செல்கிறது. இரண்டாவது கோடு (10, 20) முதல் (30, 10) வரை. அடைப்புக்குள் முதலெண் கிழக்குத் தொலைவு, அடுத்தது வடக்குத் தொலைவு. (10, 20) என்னும் புள்ளிக்கு 40 × 20 − 30 × 10 = 500. விடை நேரெண், புள்ளி இடப்புறம் உள்ளது. (30, 10) என்னும் புள்ளிக்கு 40 × 10 − 30 × 30 = −500. விடை எதிரெண்; புள்ளி வலப்புறம் உள்ளது. ஆகவே இரண்டாவது கோட்டின் முனைகள் முதற்கோட்டின் இருபுறமும் உள்ளன. கோடுகளை மாற்றி வைத்துச் செய்தாலும் −500, 500 என்றே வரும். இருவழியும் எதிரெதிர்க் குறிகள் வந்ததால் கோடுகள் வெட்டுகின்றன.

இவ்விடையின் பாதியாகிய 250, அம்மூன்று புள்ளிகளும் அமைக்கும் முக்கோணத்தின் பரப்பே என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குக் காட்டலாம். புலத்தை முக்கோணங்களாகப் பிரித்துப் பரப்புக் காணும் பழைய பழக்கமும், கணிப்பொறியின் இந்தச் சோதனையும் ஒரே கணக்கின் இரு முகங்கள்.

கோடுகள் வெட்டாமலேயும் மேவுதல் நிகழும். பெரிய புலத்தின் நடுவே கிணற்றுப் புறம்போக்கு ஒன்று தனியெண்ணோடு வரையப்பட்டு, பெரிய புலத்தின் பரப்பிலிருந்து அது கழிக்கப்படாமல் விடப்பட்டிருக்கலாம். உள்ளே உள்ள உருவத்தின் ஒரு முனையிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு நேர்கோடு செலுத்தி, அது வெளிப்புலத்தின் வரப்பை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணினால், ஒற்றைப்படையாயின் முனை உள்ளே இருக்கிறது, இரட்டைப்படையாயின் வெளியே.

இவ்விரு சோதனைகளும் சேர்ந்தால் எல்லா மேவுதலும் அகப்பட்டுவிடும் என்று தோன்றும். அகப்படாது. மேலே கூறிய 41 மீட்டர்ப் புலத்தையும் 40 மீட்டரில் தொடங்கும் புலத்தையும் மறுபடி நோக்குக. முதற்புலத்தின் கிழக்கு வரப்பு, இரண்டாம் புலத்தின் தெற்கு வரப்பைத் தன் முனையால் தொடுகிறதேயன்றிக் குறுக்கே வெட்டவில்லை; கணக்கின் விடை சுழியாக வருகிறது. ஒரு புலத்தின் எந்த முனையும் மற்றதன் உட்புறத்தில் இல்லை. யாவும் வரப்பின்மேலேயே நிற்கின்றன. வெட்டும் இல்லை, உள்முனையும் இல்லை. ஆயினும் 60 சதுர மீட்டர் மேவுகிறது. வரிசையாக வகுக்கப்பட்ட மனைப்பிரிவுகளில் மனைகள் ஒரே நேர்கோட்டில் தொடங்கி ஒரே நேர்கோட்டில் முடிவதால், இத்தகைய மேவுதலே அங்கு அதிகம் எதிர்ப்படும்.

ஆகவே முடிவான சோதனை பரப்பைக் காண்பதுதான். ஒரு புலத்தை மற்றதன் ஒவ்வொரு பக்கத்தாலும் வெட்டி, வெளியே நிற்பதை நீக்கிக்கொண்டே வரவேண்டும். நம் எடுத்துக்காட்டில் 40 மீட்டர்க் கோட்டால் வெட்டியதும் ஒரு மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமும் உள்ள பட்டை எஞ்சுகிறது. மற்ற மூன்று பக்கங்களும் அதில் எதையும் நீக்குவதில்லை. சதர்லாந்து, ஹாட்ஜ்மன் இருவரும் 1974-இல் வெளியிட்ட இம்முறையில், வெட்டும் உருவம் உட்குழிவு இல்லாததாயிருத்தல் வேண்டும். ஓடையோரம் வளைந்து நெளிந்த புலங்களுக்கு வேறு முறைகள் உள்ளன. மென்பொருள்கள் அவற்றைத் தம்முள்ளே கொண்டிருப்பதால் பணியாளர் அவற்றைத் தாமே எழுத வேண்டியதில்லை.

ஆனால் மென்பொருளின் சொல்லை அப்படியே நம்புவதில் ஒரு கண்ணி உண்டு. போஸ்ட்ஜிஐஎஸ் முதலியவற்றில் மேவுதலைக் கேட்கும் ‘ஓவர்லாப்ஸ்’ என்னும் கட்டளை, ஓர் உருவம் மற்றொன்றனுள் முழுதும் அடங்கியிருந்தால் ‘இல்லை’ என்றே விடை தரும். இரண்டும் அச்சொட்டாக ஒன்றேயாயினும் ‘இல்லை’ என்றே கூறும். அடங்குதல், சமமாதல் என்பவற்றை அது வேறு உறவுகளாக வகுத்திருக்கிறது. ஒரே புலம் தவறுதலாக இருமுறை பதிவானால் அக்கட்டளை ஒன்றும் சொல்லாமல் கடந்து செல்லும். பிழைகளுள் மிகப் பெரிய பிழை இவ்வழியே தப்பிவிடும். பொதுப்பரப்பைக் கணக்கிட்டு, அது சுழிக்கு மேற்பட்டதா என்று கேட்பதே பாதுகாப்பான வழி.

எவ்வளவு வரை பொறுப்பது?

1:5000 அளவில் வரைந்த கிராமப் படத்தில் 0.2 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு மைக்கோடு தரையில் ஒரு மீட்டர் அகலத்தை மூடும். அப்படத்தை எண்களாக மாற்றியபின் அரை மீட்டர் மேவுதல் தோன்றினால், அது நிலத்தின் பிழையன்று, பேனாவின் பருமன். புதிய கருவிகள் சில சென்டிமீட்டர் வரை துல்லியமாக அளக்கின்றன. பழையதையும் புதியதையும் ஒரே படத்தில் வைக்கும்போது, இரண்டிற்கும் ஒரே பொறுப்பளவு வைத்தல் பொருந்தாது.

பரப்பை மட்டும் கொண்டு சிறிது, பெரிது என்று தள்ளுவதும் ஏமாற்றும். 300 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டு 30 சதுர மீட்டர். 6 மீட்டருக்கு 5 மீட்டர் உள்ள துண்டும் 30 சதுர மீட்டரே. முன்னது வரப்பின் தடிப்பு. பின்னது ஓர் அறை. துண்டின் பரப்பை அதன் சுற்றளவில் பாதியால் வகுத்தால், முன்னதற்கு ஏறக்குறைய 0.1 மீட்டரும், பின்னதற்கு ஏறக்குறைய 2.7 மீட்டரும் கிடைக்கும். இவ்வெண்ணைக் கொண்டு பிரித்தால் மெல்லிய கீற்றுகள் ஒருபுறமும், நேரில் சென்று பார்க்கத்தக்கவை மறுபுறமும் ஒதுங்கும்.

தொடர்ச்சி

மேவுதல் என்பது இரண்டு உருவங்களுக்கிடையே கேட்கும் கேள்வி. தொடர்ச்சி அவ்வாறன்று. முதலாவது இரண்டாவதைத் தொட, இரண்டாவது மூன்றாவதைத் தொட்டால், முதலாவதும் மூன்றாவதும் நேரே தொடாவிடினும் ஒரே தொடரைச் சேர்ந்தவை. ஆகவே இது படம் முழுவதையும் நோக்கிக் கேட்கும் கேள்வி. சித்தூர், திருப்பதிப் பகுதியில் இதற்கு ஏரித்தொடர்களைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. தமிழில் ஏரி என்பது தெலுங்கில் செருவு. மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழியே வழிந்த நீர், கால் வழியே கீழ் ஏரியை அடைகிறது. அது நிரம்பி அடுத்ததை அடைகிறது.

ஏழு ஏரிகள் உள்ள படம் ஒன்றைக் கற்பனையாகக் கொள்க. ஒவ்வோர் ஏரிக்கும் முதலில் தன் எண்ணே குழு எண். இரு ஏரிகளைக் கால் ஒன்று இணைப்பதாகக் கண்டவுடன் அவ்விரண்டின் குழுக்களையும் ஒன்றாக்கி, ஒரே எண் இடவேண்டும். 1–2, 4–5, 2–3, 6–7, 3–5 என்ற வரிசையில் இணைப்புகள் கிடைத்தால், இறுதியில் 1 முதல் 5 வரையுள்ளவை ஒரு குழு. 6, 7 மற்றொரு குழு. இணைப்புகள் எந்த வரிசையில் வந்தாலும் விடை மாறாது. காலர், ஃபிஷர் என்னும் இருவர் 1964-இல் இம்முறையை வெளியிட்டனர். வகுப்பில் ஏழு மாணவர்களை நிறுத்திக் கைகோத்து நிற்கச் செய்தே இதைக் காட்டலாம்.

நீர் செல்லும் வரிசை 1, 2, 3, 5 என்றும், 4-ஆவது ஏரியின் நீர் தனியே 5-ஐ அடைகிறது என்றும் கொள்க. 2-க்கும் 3-க்கும் இடையே உள்ள கால் 4 மீட்டர் அகலமுடையது. அதன்மேல் 50 மீட்டர் நீளத்திற்கு ஒரு மனைப்பிரிவு மேவுகிறது. மேவிய பரப்பு 200 சதுர மீட்டர். ஐந்து சென்டுக்கும் சற்றுக் குறைவு. எந்த ஏரியின் பரப்பிலும் ஓர் அங்குலம் குறையவில்லை. பரப்பை மட்டும் வரிசைப்படுத்தும் அறிக்கையில் இது கடைசிப் பக்கத்தில் கிடக்கும். ஆனால் 2–3 என்ற இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி குழு சேர்த்தால், இரண்டு குழுக்கள் மூன்றாகின்றன. 3, 5 என்னும் ஏரிகள் மேல்வரத்தை இழக்கின்றன. 2-ஆவது ஏரியின் உபரிநீருக்கோ போக்கிடம் இல்லை. பெருமழை நாளில் அது தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். அநேகமாக அம்மனைப்பிரிவின் தெருக்கள் வழியாகவே தேடிக்கொள்ளும்.

ஆகையால் ஒரு மேவுதலின் தீமையை அதன் சென்ட் கணக்கால் மட்டும் அளத்தல் கூடாது. அது எதை அறுக்கிறது என்பதையும் கேட்கவேண்டும். கட்டளைத் தொடர் இரண்டு சோதனைகளையும் சேர்த்தே செய்யவேண்டும்: முதலில் மேவுதலைக் காண்பது, பின் மேவிய பகுதியைக் காலிலிருந்து நீக்கிவிட்டுக் குழுக்களை மறுபடி எண்ணுவது. குழுக்களின் எண்ணிக்கை கூடினால், அப்பிழை அறிக்கையின் முதற்பக்கத்திற்கு வரவேண்டும்.

2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. அம்மாதமே இராமச்சந்திராபுரம் மண்டலத்தைச் சேர்ந்த இராயலசெருவு என்னும் பழைய ஏரியின் கரையில் கசிவு கண்டு, கீழேயுள்ள கிராமத்தார் வெளியேற்றப்பட்டனர். அத்தகைய நாளில் எந்த ஏரியின் நீர் எவ்வழியே எந்த ஊரை அடையும் என்பதைக் கேட்டவுடன் சொல்ல, தொடர்ச்சி சரிபார்க்கப்பட்ட படம் முன்பே கையில் இருத்தல் வேண்டும். குழு சேர்க்கும் முறை நீர் எத்திசையில் ஓடும் என்பதைச் சொல்லாது என்பதையும் மறத்தலாகாது. அதற்கு மட்ட அளவுகள் தனியே வேண்டும்.

தொடர்ச்சியைக் காண்பதில் படம் இருவகையில் பொய் சொல்லும். காலைக் குறிக்கும் உருவம் ஏரியின் கரைக்கு இரண்டு மீட்டர் முன்பே நின்றுவிடும். தரையில் நீர் தடையின்றிச் செல்லும். இங்கே கால் உருவத்தைச் சற்றே விரித்துப் பார்த்து, தொட்டால் ஐயத்திற்குரிய இணைப்பென்று குறித்து, நேரில் சென்று முடிவு செய்தல் வேண்டும். மற்றொன்று இதற்கு நேர் எதிரானது. சாலையும் காலும் படத்தில் குறுக்கே மேவுகின்றன. சாலைக்கு அடியில் பாலக்கண் இருந்தால் அது குற்றமன்று, இணைப்பும் அறவில்லை. பாலக்கண் இல்லாவிடில் இரண்டும் உண்டு. கண்டலேற்றிலிருந்து பூண்டிக்குச் செல்லும் தெலுங்கு கங்கைக் கால்வாயின் நீர் 1996 முதல் சென்னைக்கு வருகிறது. அத்தகைய நெடுங்கால்வாய் ஓடைகளைக் கடக்குமிடத்தில், ஒன்றன் நீர் மேலும் மற்றதன் நீர் கீழும் கலவாமல் செல்ல வழி செய்யப்படும். படத்தில் மேவும் அவ்விரண்டையும் ஒரே குழுவில் சேர்த்தால் விடை முற்றும் தவறாகும்.

இச்சிக்கலை நன்கு தீர்த்தவர்கள் மின்சில்லு வரைபவர்கள். மொகாலியிலுள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் சுமார் 5,500-இல் ஒரு பங்கு அளவுள்ள கூறுகளைக் கொண்டு சில்லுகள் ஆக்கப்படுகின்றன. அவற்றின் வரைபடத்தில் உலோகக் கம்பிகள் பல அடுக்குகளில் ஓடுகின்றன. ஓர் அடுக்கின் கம்பி மற்றோர் அடுக்கின் கம்பியைக் குறுக்கே மேவினாலும் மின்தொடர்பு இல்லை. இரண்டையும் இணைக்கும் துளையொன்று அவ்விடத்தில் வரையப்பட்டிருந்தால் மட்டுமே உண்டு. ஒரே அடுக்கில் இரு கம்பிகள் தொட்டாலோ அவை ஒன்றே. மூலைக்கு மூலை தொடுவதைத் தொடர்பென்று அவர்கள் நம்புவதில்லை. கே-லேஅவுட் என்னும் இலவச மென்பொருளில் ரூபி அல்லது பைத்தான் மொழியில் கட்டளைத் தொடர் எழுதி இச்சோதனைகளைச் செய்கின்றனர். அவர்கள் ஆயத்தொலைகளைப் பின்னமாக வைக்காமல், சிறிய அலகொன்றின் முழு எண்களாகவே வைப்பர். ஆகவே தொடுகிறதா இல்லையா என்பதில் தசம இடங்களால் ஐயம் எழுவதில்லை. நிலப்படத்தையும் மில்லிமீட்டரின் முழு எண்களாக மாற்றிக்கொண்டு சோதித்தால் இந்நன்மை கிட்டும். சாலை, கால், புலம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளில் வைத்து, பாலக்கண்களுக்கென ஓர் அடுக்கைச் சேர்த்தால், மேற்கூறிய பொய்களில் பாதி நீங்கும்.

வகுப்புக்கு ஒரு பயிற்சி

கட்டத்தாளில், ஒரு சிறு கட்டம் 2 மீட்டர் எனக் கொண்டு, வரத்துக்கால் ஒன்றை வரையச் செய்க: கிழக்கில் 58 முதல் 62 வரை, வடக்கில் 0 முதல் 120 வரை. காலின் மேற்கே ‘அ’ என்னும் மனைப்பிரிவு, கிழக்கில் 0 முதல் 60, வடக்கில் 20 முதல் 60. காலின் கிழக்கே ‘ஆ’ என்னும் மனைப்பிரிவு, கிழக்கில் 60 முதல் 100, வடக்கில் 50 முதல் 90. முதலில் ‘அ’வை மட்டும் வைத்துக் காலைச் சோதிக்க; பின் ‘ஆ’வை மட்டும்; இறுதியில் இரண்டையும் சேர்த்து.

‘அ’ காலின்மேல் 80 சதுர மீட்டர், ஏறக்குறைய 2 சென்ட், மேவுகிறது. எஞ்சிய 2 மீட்டர் அகலத்தில் கால் தொடர்கிறது. ‘ஆ’வும் 80 சதுர மீட்டரே மேவுகிறது, தனியே பார்த்தால் அதிலும் கால் அறவில்லை. இரண்டு மனைப்பிரிவுகளும் ஒன்றையொன்று மேவவில்லை. 60 மீட்டர்க் கோட்டில், வடக்கில் 50 முதல் 60 வரை, தொட்டு மட்டும் நிற்கின்றன. இரண்டும் சேர்ந்தபோது கால் 140 சதுர மீட்டரும் 180 சதுர மீட்டருமாக இரு துண்டுகளாகிறது. நடுவில் அந்த 10 மீட்டர் நீளத்திற்குக் காலென்று ஒன்றும் இல்லை.